விலைப்பட்டியலில் தொட்டால் திறக்கும் முகவரி

வெளியூர்க் கடைகளுக்கு அன்றாட விலையைத் தபால் கார்டில் எழுதி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. பிறகு டிரங்க் கால் வந்தது. அதன் பின் ஃபேக்ஸ் வந்தது. இன்று துவரம் பருப்பு, உளுந்து, வத்தல், சீரகம் என எந்தச் சரக்கானாலும் அதன் விலைப்பட்டியல் பி.டி.எஃப். கோப்பாகச் செல்போனுக்கே வந்துவிடுகிறது. பில், கொட்டேஷன், பாக்கிப் பட்டியல் ஆகியவையும் அப்படியே.

அந்தப் பட்டியலின் தலைப்பிலோ அடியிலோ நம் கடையின் ஃபோன் எண், வாட்ஸ்அப் எண், இ-மெயில், வெப்சைட் முகவரி ஆகியவற்றைப் போடுகிறோம். பார்ப்பவர் அந்த முகவரியை விரலால் தொட்டால் அது திறக்கிறதா? திறந்தால் சரியான இடத்துக்குத்தான் போகிறதா? இந்த இரண்டு கேள்விகளைப் பற்றியதே இந்தப் பாடம்.

இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் ஒரு சில்லறைக் கடைக்காரரின் நிலையிலிருந்து எண்ணிப் பாருங்கள். கல்லாவில் கூட்டம் நிற்கிறது. ஒரு கை தராசில், மறு கையில் செல்போன். உளுந்து விலை கட்டுப்படியாகிறது, இரண்டு மூட்டை சொல்லிவிடலாம் என்று நினைக்கிறார். எண்ணைத் தொடுகிறார், ஒன்றும் நடக்கவில்லை. எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி, பட்டியலை மூடி, ஒவ்வொரு இலக்கமாக அழுத்த வேண்டும். "அப்புறம் பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறார். அடுத்து வந்த பட்டியலில் எண்ணைத் தொட்டதும் ஃபோன் போகிறது. ஆர்டர் அங்கே போய்விடுகிறது. விலை கூடுதல் என்பதால் அல்ல, சரக்கு மட்டம் என்பதாலும் அல்ல. தொட்டால் திறக்கவில்லை என்பதால் மட்டுமே அந்த ஆர்டர் கைநழுவியது.

தவறான இடத்துக்குத் திறப்பது இதைவிடக் கெடுதல். ஆர்டர் வேறு ஒருவருக்குப் போகலாம். பணமும் வேறு ஒருவருக்குப் போகலாம்.

சீட்டும் சரக்கும்

பி.டி.எஃப். என்ற கோப்பு முறையை அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும், அச்சடித்தாலும் அதேபோல் வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2008-இல் அது ஐ.எஸ்.ஓ. தர நிர்ணயமாகவும் ஆனது.

இந்தக் கோப்பில் முகவரி எப்படி இருக்கிறது என்பதை முதலில் விளங்கிக் கொள்ள வேண்டும். பக்கத்தின் மேல் கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஒன்று. அந்த எழுத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் போடப்பட்டு, "இந்தக் கட்டத்தைத் தொட்டால் இன்ன முகவரியைத் திற" என்று கோப்புக்குள் எழுதி வைத்திருப்பது மற்றொன்று. இந்த இரண்டாவதைத்தான் இணைப்பு என்கிறோம். பேச்சு வழக்கில் லிங்க்.

மூட்டையின் மேல் தைத்த சீட்டையும் மூட்டைக்குள் இருக்கும் சரக்கையும் போன்றவை இவை இரண்டும். சீட்டில் முதல் ரகம் என்று எழுதியிருக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம். சீட்டு மட்டும் தைத்துச் சரக்கே போடாமலும் விடலாம். கண்ணுக்குத் தெரியும் முகவரியும் உள்ளே இருக்கும் இணைப்பும் தனித்தனி என்பதை மனத்தில் பதித்துக் கொண்டால் இந்தப் பாடத்தில் பாதி முடிந்தது.

இதில் ஒரு குழப்பம் உண்டு. இணைப்பே போடாத கோப்பிலும் சில சமயம் முகவரி திறக்கும். கோப்பைப் படித்துக் காட்டும் செயலிகளில் சில, எழுத்தைப் பார்த்து "இது வெப்சைட் முகவரி போலிருக்கிறது" என்று தாமாகவே ஊகித்துத் திறந்து விடுகின்றன. நம் கம்ப்யூட்டரில் அந்தச் செயலி இருந்தால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் எண்ணி விடுவோம். வாங்குபவரின் செல்போனில் வேறு செயலி இருந்தால் அங்கே திறக்காது. மேலும் இந்த ஊகம் தவறுவதும் உண்டு. முகவரி நீளமாகி அடுத்த வரிக்குப் போனால் முதல் வரியை மட்டும் எடுத்துக் கொள்ளும். முகவரியின் பின்னே நாம் வைத்த முற்றுப்புள்ளியையும் அடைப்புக் குறியையும் முகவரியில் சேர்த்துக் கொள்ளும். ஆகவே செயலியின் ஊகத்தை நம்பாமல் இணைப்பை நாமே போட்டு அனுப்புவதுதான் முறை.

நான்கு வகை முகவரிகள்

கடைக்காரர்களுக்குத் தேவைப்படும் இணைப்புகள் நான்கு வகை. கீழே ஆங்கில எழுத்துகளைத் தமிழில் ஒலித்துக் காட்டியிருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளிலேயே, நடுவில் இடைவெளி விடாமல் டைப் செய்ய வேண்டும்.

1. வெப்சைட்: எச்-டி-டி-பி-எஸ் என்ற ஐந்து எழுத்துகள், பிறகு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடுகள் ( :// ), அதன் பின் தளத்தின் பெயர். பக்கத்தின் மேல் தெரிவதற்குத் தளத்தின் பெயர் மட்டும் போதும். உள்ளே போடும் இணைப்பில் இந்த முன்பகுதி கட்டாயம் வேண்டும்; இல்லாவிட்டால் சில செயலிகள் அதைக் கம்ப்யூட்டரில் உள்ள ஒரு ஃபைலின் பெயர் என்று எண்ணித் தேடிக் கொண்டிருக்கும்.

2. இ-மெயில்: எம்-ஏ-ஐ-எல்-டி-ஓ என்ற ஆறு எழுத்துகள், ஒரு முக்காற்புள்ளி, உடனே இ-மெயில் முகவரி. இங்கே சாய்கோடு கிடையாது. தொட்டவுடன் புதிய கடிதம் எழுதும் பக்கம், பெறுநர் முகவரி நிரப்பப்பட்டு, திறக்கும்.

3. ஃபோன்: டி-இ-எல் என்ற மூன்று எழுத்துகள், முக்காற்புள்ளி, கூட்டல் குறி, 91, பிறகு பத்து இலக்க எண். எஸ்.டி.டி. குறியீட்டோடு கூடிய தரைவழி எண்ணாக இருந்தால் முதலில் வரும் பூஜ்யத்தை விட்டுவிட வேண்டும்.

4. வாட்ஸ்அப்: முதலில் வெப்சைட்டுக்குச் சொன்ன முன்பகுதி, பிறகு டபிள்யூ-ஏ, புள்ளி, எம்-இ, ஒரு சாய்கோடு, அதன்பின் 91-உம் பத்து இலக்க எண்ணும். மொத்தம் 12 இலக்கங்கள். ஃபோன் இணைப்பில் கூட்டல் குறி வேண்டும். இங்கே கூட்டல் குறியும் கூடாது, பூஜ்யமும் கூடாது, நடுவில் கோடும் கூடாது. எண் வாங்குபவரின் செல்போனில் பதிவாகாமல் இருந்தாலும் நேரே நம்மோடு பேசும் பக்கம் திறக்கும். சில்லறைக் கடைக்காரர்களிடமிருந்து ஆர்டர் வாங்க இதுவே மிகவும் பயன்படும்.

ஐந்தாவதாக யு.பி.ஐ. பணம் செலுத்தும் இணைப்பைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. அதைப் பி.டி.எஃப்.-இல் போட்டால் பல செயலிகள் திறப்பதில்லை. பணம் வாங்குவதற்கு கியூ.ஆர். கட்டத்தைப் பட்டியலில் அச்சிடுவதே நல்லது. ஸ்கேன் செய்பவருக்குப் பணம் பெறுபவரின் பெயர் திரையில் வரும். அந்தப் பெயரையும் கட்டத்தின் கீழே அச்சிட்டு விட்டால் அவர் ஒப்பிட்டுப் பார்த்துக் கொள்வார்.

செய்யும் முறை

கடையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் வேர்டில் அல்லது எக்செலில் பட்டியல் தயாரிக்கிறார்கள். காசு கொடுக்காமல் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ், கூகுள் டாக்ஸ் ஆகியவற்றிலும் செய்யலாம். எல்லாவற்றிலும் வழி ஏறக்குறைய ஒன்றே.

முதலில் முகவரியைப் பக்கத்தில் டைப் செய்யுங்கள். அதை மவுஸால் தேர்வு செய்து, கன்ட்ரோல் கீயையும் கே என்ற கீயையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பெட்டி திறக்கும். அதில் தெரியும் எழுத்துக்கு ஓர் இடம், முகவரிக்கு ஓர் இடம் என்று பொதுவாக இரண்டு இடங்கள் இருக்கும். முகவரி இடத்தில் மேலே சொன்ன முறைப்படி முழு முகவரியை டைப் செய்து ஓகே கொடுங்கள். எழுத்து நீல நிறமாகி அடிக்கோடு விழும்.

வேர்டில் வெப்சைட் அல்லது இ-மெயில் முகவரியை டைப் செய்து இடைவெளி கீயையோ என்டர் கீயையோ தட்டினால் அதுவே இணைப்பாக மாறிக் கொள்வதும் உண்டு. ஃபோன் எண்ணுக்கும் வாட்ஸ்அப் எண்ணுக்கும் அப்படி நடக்காது. அவற்றுக்கு நாம்தான் போட வேண்டும்.

அடுத்த படிதான் முக்கியமானது. கோப்பைப் பி.டி.எஃப். ஆக்கும்போது பலரும் பிரிண்ட் கட்டளையைக் கொடுத்து, பிரிண்டர் பட்டியலில் "மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப்." என்பதைத் தேர்வு செய்கிறார்கள். 2015-இல் வந்த விண்டோஸ் 10 முதல் இது கம்ப்யூட்டரிலேயே இருப்பதால் இப்பழக்கம் பரவி விட்டது. பிரிண்ட் என்பது தாளில் அச்சடிப்பதற்கான கட்டளை. தாளுக்கு இணைப்பு எதற்கு? எனவே அந்த வழியில் போனால் எழுத்து மட்டும் போகும்; இணைப்பு கழன்று விடும். சீட்டு இருக்கும், சரக்கு இருக்காது. பட்டியலில் நீல நிறமும் அடிக்கோடும் அப்படியே தெரிவதால் அனுப்பியவருக்குச் சந்தேகமே வராது.

சரியான வழி இதுதான். வேர்டிலும் எக்செலிலும் ஃபைல் மெனுவில் "சேவ் ஆஸ்" கொடுத்து, கோப்பு வகையாகப் பி.டி.எஃப். என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். லிப்ரே ஆஃபீஸில் "எக்ஸ்போர்ட் ஆஸ் பி.டி.எஃப்." என்று இருக்கும். கூகுள் டாக்ஸில் ஃபைல் மெனுவில் "டவுன்லோடு" என்பதன் கீழ் பி.டி.எஃப். இருக்கும். இந்த வழிகளில் இணைப்பு கோப்போடு சேர்ந்து வரும்.

பில் போடும் சாஃப்ட்வேரிலிருந்து நேரடியாகப் பி.டி.எஃப். எடுப்பவர்கள் ஒரு பில்லை எடுத்துத் தங்கள் செல்போனில் தொட்டுப் பாருங்கள். திறக்காவிட்டால், பில்லின் அடிப்பகுதியில் இணைப்போடு முகவரி போட வசதி உண்டா என்று சாஃப்ட்வேர் விற்றவரிடம் கேளுங்கள்.

டி.டி.பி. கடையில் தயாரிப்பவர்களுக்கு

பண்டிகைக்காலப் பட்டியல், புதுச் சரக்கு அறிமுகம் போன்றவற்றை நாம் டி.டி.பி. கடையில் கொடுத்து அழகாகத் தயாரிக்கிறோம். அங்கே மூன்று காரணங்களால் முகவரி உயிரிழக்கிறது.

ஒன்று, ஃபான்ட் மாறிவிடக் கூடாது என்பதற்காக எழுத்துகளை எல்லாம் "கர்வ்ஸ்" ஆக மாற்றி விடுவார்கள். அதன் பிறகு அது எழுத்து அல்ல, எழுத்து வடிவில் உள்ள கோட்டுப் படம். எந்தச் செயலியும் அதை முகவரி என்று ஊகிக்க முடியாது.

இரண்டு, பட்டியலைப் படமாக மாற்றி அந்தப் படத்தைப் பி.டி.எஃப். ஆக்கி விடுவார்கள். கடையில் அச்சடித்த நோட்டீஸைச் செல்போனில் படம் பிடித்துப் பி.டி.எஃப். ஆக்குவதும் இதே கணக்குதான்.

மூன்று, பழைய தமிழ் ஃபான்ட்களில் டைப் செய்யும்போது ஆங்கில முகவரியும் அதே ஃபான்டில் விழுந்து, பிறகு நிறம், அளவு எல்லாம் மாற்றிச் சரிக்கட்டப்படும். முகவரியை மட்டும் ஆங்கில ஃபான்டில் தனியாக டைப் செய்யச் சொல்ல வேண்டும்.

இவற்றுக்குத் தீர்வு எளிது. "அச்சுக்கு ஒரு கோப்பு, வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு கோப்பு, இரண்டும் தனித்தனியாக வேண்டும்" என்று வேலை கொடுக்கும்போதே சொல்லி விடுங்கள். அடோபி அக்ரோபேட்டின் கட்டணப் பதிப்பு வைத்திருக்கும் கடையில், முடிந்த கோப்பின் மேலேயே கட்டம் வரைந்து இணைப்பு போட முடியும். அது இல்லாவிட்டால், படத்தை வேர்ட் பக்கத்தில் வைத்து, அதன் கீழே ஃபோன், வாட்ஸ்அப், இ-மெயில் ஆகிய மூன்றையும் தனித்தனி வரியாக டைப் செய்து இணைப்பு கொடுத்துப் பி.டி.எஃப். ஆக்கலாம். அழகு சற்றுக் குறைந்தாலும் வேலை நடக்கும்.

இணைப்பு வரிகளை நெருக்கி அமைக்கக் கூடாது. செல்போன் திரையில் விரல் நுனி பெரியது. இரண்டு எண்கள் ஒட்டி இருந்தால் ஒன்றைத் தொட மற்றொன்று திறக்கும்.

பழைய கோப்பில் விலையை மாற்றும்போது

தினமும் புதிதாக யாரும் பட்டியல் தயாரிப்பதில்லை. நேற்றைய கோப்பைத் திறந்து, தேதியையும் விலையையும் மாற்றி அனுப்புகிறோம். அதில் தவறில்லை. ஆனால் கடையின் எண் மாறும்போதும் இதே முறையில் எண்ணை அடித்துத் திருத்தி விடுகிறோம். அங்கேதான் ஆபத்து.

பக்கத்தில் தெரியும் எண்ணைத் திருத்தினால் உள்ளே இருக்கும் இணைப்பு தானாகத் திருந்தாது. மேலே புதிய எண். தொட்டால் பழைய எண்ணுக்குப் போகும். நாம் விட்டுவிட்ட செல்போன் எண்ணைத் தொலைபேசி நிறுவனம் பிறகு வேறு ஒருவருக்குக் கொடுத்து விடும். நம் வாடிக்கையாளர் அந்த வேறு ஒருவருக்கு ஆர்டர் அனுப்பி, பதில் வரவில்லை என்று நம்மேல் வருத்தப்படுவார். வேலையை விட்டுப் போன குமாஸ்தாவின் எண் உள்ளே இருந்தாலும் இதே கதைதான்.

மற்றொரு கடையின் பட்டியலை மாதிரியாக வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிப் பயன்படுத்துவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பெயர் நம்முடையது, விலை நம்முடையது, உள்ளே இருக்கும் இணைப்பு அவருடையது என்றாகிவிடும். எண்ணைத் திருத்தும்போதெல்லாம் அதைத் தேர்வு செய்து, மறுபடியும் கன்ட்ரோல்-கே அழுத்தி, உள்ளே இருக்கும் முகவரியையும் திருத்த வேண்டும்.

முகவரி நிலையாக நம் கையில் இருக்கிறதா?

நாம் ஒருமுறை அனுப்பிய பி.டி.எஃப். பல ஆண்டுகள் யாருடைய செல்போனிலாவது கிடக்கும். அதில் உள்ள முகவரியும் அவ்வளவு காலம் உயிரோடு இருக்க வேண்டும்.

கூகுள் நிறுவனம் சிறு கடைகளுக்கு இலவசமாகக் கொடுத்து வந்த கடைப் பக்கங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியது. அந்த முகவரியைப் பட்டியலில் போட்டிருந்தவர்களின் இணைப்புகள் பிறகு பயனற்றுப் போயின. நீண்ட முகவரியைச் சுருக்கித் தரும் கூகுளின் சேவையும் 2019-இல் புதிய முகவரிகளை ஏற்பதை நிறுத்தியது. இலவசமாகக் கிடைப்பது வாடகை வீடு போன்றது. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம்.

சொந்தமாகத் தளப் பெயர் பதிவு செய்திருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அந்தப் பதிவு குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே. புதுப்பிக்கத் தவறினால் பெயர் கைவிட்டுப் போகும்; வேறு எவரும் அதை வாங்கலாம். பிறகு நம் பழைய பட்டியலைத் தொடுபவர், நம் கடை என்று நம்பி அந்நியர் வாசலில் போய் நிற்பார். கடை லைசென்ஸைப் புதுப்பிக்கும் தேதியோடு இந்தத் தேதியையும் டைரியில் குறித்து வைக்க வேண்டும். பதிவு நம் பெயரில், நம் இ-மெயிலில் இருக்கிறதா, அல்லது வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரில் இருக்கிறதா என்பதையும் இன்றே பார்த்துக் கொள்ளுங்கள்.

பிறர் அனுப்பும் கோப்பைத் தொடும் முன்

இணைப்பு போடும் வித்தை தெரிந்த பிறகு அதை வைத்து ஏமாற்றும் வித்தையும் புரிந்துவிடும். மேலே நமக்குத் தெரிந்த நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் எழுதி, உள்ளே மோசக்காரனின் முகவரியை வைத்து ஒரு பில் தயாரிக்க ஐந்து நிமிடம் போதும். "பாக்கி செலுத்த இங்கே தொடவும்" என்று எழுதியிருக்கும். பி.டி.எஃப். ஆகிவிட்டால் யாராலும் மாற்ற முடியாது என்ற எண்ணமும் தவறு. உண்மையான பில்லையே எடுத்து, பேங்க் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்ப முடியும்.

கம்ப்யூட்டரில் பார்க்கும்போது இணைப்பின் மேல் மவுஸ் அம்பை வைத்தாலே, தொடாமலே, உள்ளே இருக்கும் முகவரியைப் பல செயலிகள் காட்டும். செல்போனில் தொட்டபின் திறக்கும் பக்கத்தின் மேல் பட்டையில் முகவரி தெரியும். சில செயலிகள் "இந்த முகவரிக்குப் போகலாமா?" என்று கேட்கும். அந்தக் கேள்வியைப் படிக்காமல் சரி என்று தட்டிவிடக் கூடாது.

முகவரியைப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின், அடுத்த ஒற்றைச் சாய்கோடு வரை உள்ள பகுதியை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். அதை வலது கோடியிலிருந்து இடது பக்கமாகப் படியுங்கள். கற்பனையாக ஓர் உதாரணம்: "நம்மண்டி.காம்" என்பது ஒரு கடையின் தளம் என்று வைத்துக் கொள்வோம். "பில்.நம்மண்டி.காம்" என்பதும் அவர்களுடையதே. ஆனால் "நம்மண்டி.பில்கட்டு.காம்" என்பது அவர்களுடையது அல்ல, அது பில்கட்டு என்ற பெயரைப் பதிவு செய்தவருடையது. முதலில் தெரிந்த பெயர் இருப்பதால் ஏமாந்து விடுகிறோம். ஆங்கிலத்தில் ஓ என்ற எழுத்துக்குப் பதில் பூஜ்யம், எல் என்ற எழுத்துக்குப் பதில் ஒன்று என்று மாற்றி வைப்பதும் உண்டு.

இதற்கெல்லாம் மேலான காப்பு நம் பழைய வழக்கம்தான். பேங்க் கணக்கு மாறியிருக்கிறது என்று எந்தக் கோப்பு வந்தாலும், அந்தக் கோப்பில் உள்ள எண்ணில் அல்ல, நம் டைரியில் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் கூப்பிட்டு, குரலை அடையாளம் கண்டு, விசாரித்த பிறகே பணம் அனுப்ப வேண்டும். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையில்லை. பணம் கொடுப்பதற்கு மட்டுமே தேவை. "உங்களுக்குப் பணம் வர ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று எந்தப் பக்கம் கேட்டாலும் அது மோசடியே. பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும், உடனே பேங்குக்கும் தகவல் சொல்ல வேண்டும்.

அனுப்பும் முன் சோதனை

பட்டியலை வாடிக்கையாளர் குழுவுக்கு அனுப்பும் முன் கீழ்க்கண்டவற்றைச் செய்யுங்கள். எல்லாம் சேர்ந்து சில நிமிட வேலைதான்.

1. முதலில் நமக்கே அல்லது கடைப் பையனின் செல்போனுக்கு அனுப்பிப் பாருங்கள். தயாரித்த கம்ப்யூட்டரில் சோதிப்பது போதாது.

2. ஒவ்வொரு இணைப்பையும் தொடுங்கள். ஃபோன் எண் திரையில் வந்தால் இலக்கங்களைப் படித்துப் பாருங்கள். இ-மெயில் பக்கம் திறந்தால் பெறுநர் முகவரியைப் படியுங்கள்.

3. மேலே தெரியும் முகவரியும் திறந்த முகவரியும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள்.

4. சில செல்போன்களில் வாட்ஸ்அப்பிலிருந்து தொட்டதும் வரும் முன்காட்சியில் இணைப்பு வேலை செய்யாமல், கோப்பை முழுதாகத் திறந்த பின்பே வேலை செய்யும். ஆகவே இரண்டு வேறு செல்போன்களில் பார்ப்பது நல்லது.

5. பட்டியலில் தேதியும், விலை எதுவரை செல்லும் என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சில ஐயங்கள்

கேள்வி: எங்களுக்கு வெப்சைட் கிடையாது. இதெல்லாம் தேவையா?

பதில்: தேவை. ஃபோன், வாட்ஸ்அப் ஆகிய இரண்டு இணைப்புகள் போதும். வெப்சைட் இல்லாதவருக்கு இவையே கடை வாசல்.

கேள்வி: "இங்கே தொடவும்" என்று மட்டும் எழுதி, உள்ளே முகவரியைக் கொடுத்தால் அழகாக இருக்குமே?

பதில்: அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலை ஒருவர் பிரிண்ட் எடுத்துக் கடையில் ஒட்டினால் அதில் முகவரியே இருக்காது. இ-மெயில் வசதி அமைக்காத கம்ப்யூட்டரில் இ-மெயில் இணைப்பைத் தொட்டாலும் ஒன்றும் நடக்காது. அப்போது கண்ணால் பார்த்து எழுதிக் கொள்ள முகவரி வேண்டும். எனவே முழு முகவரியும் பக்கத்தில் தெரிய வேண்டும்.

கேள்வி: தவறான இணைப்போடு அனுப்பிவிட்டோம். திருத்த முடியுமா?

பதில்: அவர் செல்போனில் இறங்கிவிட்ட கோப்பை நாம் திருத்த முடியாது. உடனே சரியான கோப்பை அனுப்பி, "முந்தையதை அழித்து விடுங்கள்" என்று ஒரு வரி எழுதுங்கள். அனுப்பிய சரக்கில் குறை என்றால் மாற்றித் தருவதில்லையா, அதுபோல.

கேள்வி: தமிழிலேயே வெப்சைட் முகவரி வைத்துக் கொள்ள முடியுமா?

பதில்: முடியும். ".இந்தியா" என்று தமிழ் எழுத்தில் முடியும் முகவரிப் பகுதி 2011-இல் ஒதுக்கப்பட்டது. ஆனால் தமிழ் எழுத்து முகவரியை எல்லாச் செயலிகளும் முகவரி என்று அடையாளம் காண்பதில்லை. ஆகவே அதற்கு இணைப்பை நாமே போடுவதும், பல செல்போன்களில் சோதிப்பதும் கட்டாயம்.

கேள்வி: நீல நிறமும் அடிக்கோடும் இருக்கத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை, அவற்றை நீக்கினாலும் இணைப்பு இருக்கும். ஆனால் தொட்டால் திறக்கும் என்பதற்கு மக்கள் பழகிய அடையாளம் அதுதான். இருக்கட்டும்.

முடிவாக

இதற்குப் பெரிய செலவோ தனிப் படிப்போ வேண்டியதில்லை. இணைப்பை நாமே போடுவது, பிரிண்ட் வழியில் அல்லாமல் சேவ் வழியில் பி.டி.எஃப். ஆக்குவது, எண் மாறினால் உள்ளேயும் மாற்றுவது, அனுப்பும் முன் செல்போனில் தொட்டுப் பார்ப்பது என்ற நான்கையும் வழக்கமாக்கிக் கொண்டால் போதும். கடையில் கணக்கு எழுதும் பிள்ளைக்கும் இந்தப் பாடத்தைப் படிக்கக் கொடுங்கள். பட்டியல் அனுப்பும் வேலை பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது.

மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே சீட்டை நம்பிச் சரக்கு எடுக்கும் வழக்கம் நம் வியாபாரத்தில் பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. அந்த நம்பிக்கை நம் விலைப்பட்டியலில் உள்ள முகவரிக்கும் பொருந்தும்படி பார்த்துக் கொள்வது நம் பொறுப்பு.